உறவுக்கு ஒரு விலை, ஊருக்கு ஒரு விலையா?

“நம்ம கடைதானே!” இரண்டே சொற்கள். இவை பூட்டுப் போட்ட கடைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோர் இல்லை.

பத்தாண்டுக் காலம் பிறர் கடையில் மிதித்த கால் ஓய்ந்து, கடன் வாங்கி, மனைவியின் வளையலை அடகு வைத்து, சொந்தமாகத் தையற்கடை திறக்கிறார் ஒரு தோழர். பெயர்ப்பலகையில் வண்ணம் காயவில்லை. வந்துவிடுகிறார் மாமன், வந்துவிடுகிறார் மைத்துனர், வந்துவிடுகிறார் பள்ளித் தோழர். வரட்டும்! வரவேற்கிறோம்! வாங்கிப் போகும் வேளையில் மட்டும் ஏன் சட்டைப்பை தைக்காத சட்டை போட்டவர் போல நிற்கிறார்கள்? “அப்புறம் பார்த்துக்கலாம் மாப்ளே” என்பார் ஒருவர். “நமக்குள்ளே என்ன காசு” என்பார் மற்றவர். வாய் திறந்து கேட்டுவிட்டாலோ, கடை வைத்ததும் கண் தெரியவில்லையாம்! கூலி கேட்டால் குற்றமாம், கணக்குச் சொன்னால் கசப்பாம்!

கணக்கையே பார்ப்போம். ஒரு சட்டைக்குத் தையற்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், பட்டன், கான்வாஸ், காஜா கூலி, மின்சாரம், வாடகையில் ஒரு பங்கு, கடன் தவணையில் ஒரு பங்கு, எல்லாம் சேர்ந்து 150. மிச்சம் 250தான் தோழரின் உழைப்புக்கு. “நூறு ரூபாய் குறைத்துக்கொள்” என்கிறார் மைத்துனர். அவர் கண்ணுக்கு அது விலையில் கால் பங்கு. தோழருக்கோ கூலியில் ஐந்தில் இரண்டு பங்கு! நூலும் குறையாது, வாடகையும் குறையாது. குறைவதெல்லாம் அவர் வீட்டு அரிசி. முழுவதும் இனாம் என்றால், சட்டையும் தைத்துக் கொடுத்து, சட்டை போட்டவர் கையில் 150 ரூபாயும் வைத்தனுப்பிய கதை!

இன்னொருவரை மறந்துவிடுகிறோம். மூலையில் அமர்ந்து காஜா எடுக்கும் தம்பிக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. இது முதலாளியின் மாமன் சட்டை என்பதற்காக அவன் கூலியைக் குறைக்கலாமா? உறவு முதலாளிக்கு, நட்டம் தொழிலாளிக்கு என்றால் அதை நாம் ஒப்பமாட்டோம்.

உழைப்புக்கு விலை கேட்பது இழிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அறுவடை முடிந்த களத்து மேட்டில் அளந்து போட்ட நெல்லுக்கு ஆண்டு முழுதும் ஊரார் துணி வெளுத்தாரே சலவைத் தொழிலாளி, முடி திருத்தினாரே அந்தத் தோழர், அவர்களைக் கேளுங்கள்! கொடுத்ததுதான் கூலி, கேட்டால் திமிர். 1953-இல் ஆச்சாரியார் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றபோது நாடே கொதித்தெழுந்தது; மறு ஆண்டே அந்தத் திட்டம் மண்மூடிப் போயிற்று. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் பிறந்த குலத்தைக் கேட்கவில்லை; 3 லட்ச ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, 50 ஆயிரத்துக்கு மிகாமல் மானியம் என்றது. குலத்தின் பிடியிலிருந்து தொழிலை மீட்டோம், கூச்சத்தின் பிடியில் கொண்டுபோய் விடுவதா?

கணக்கு எழுதினால் உறவு கெடும் என்போருக்கு ஒன்று கேட்போம். ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து களைகட்டுகிறதே! யார், எந்த ஊர், எவ்வளவு என்று ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் திருப்பிச் செய்கிறார்கள். அதனால் எந்தப் பங்காளி முறுக்கிக்கொண்டு போனார்? மொய் நோட்டில் உறவு வளரும், கடை நோட்டில் மட்டும் உறவு வாடுமா?

கடை வைத்த தோழருக்கும் சில சொல்வோம். விலைப்பலகையைச் சுவரில் மாட்டு. வாய் கூசும் இடத்தில் பலகை பேசும். துணியை வெட்டுமுன் கூலியைச் சொல்; வெட்டிய பின் சொன்னால் அது வம்பு. அக்காள் மகள் திருமணத்துக்கு ரவிக்கை தைத்து அன்பளிப்பாகக் கொடுக்க ஆசையா? மனமாரக் கொடு! ஆனால் பில்லில் முழுக்கூலியும் எழுதி, அன்பளிப்பு என்று கழித்துக் காட்டு. கொடுத்தது இன்னதென்று அவர்களுக்கும் தெரியட்டும், மாதக் கடைசியில் உனக்கும் தெரியட்டும். உறவினர் பேரம் பேசக் கூசுவார் என்று ஐம்பது கூட்டி வாங்குவோரும் உளர். அது திருட்டு, வேறு பெயர் இல்லை. வள்ளுவர் வணிகருக்குச் சொன்னதை நடுவுநிலைமை அதிகாரத்தில், 120-ஆம் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் எண்ணிச் செய்வதே நல்ல வணிகம் என்ற அது, வாங்குகிற மாமனுக்கும் பொருந்தும், விற்கிற மருமகனுக்கும் பொருந்தும்.

ஊரைச் சொன்னோம், நம்மவரை விட்டுவிட முடியுமா? மாநாடு என்றால் கறுப்பு சிவப்புத் துணியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொட்டி, “விடிவதற்குள் இருநூறு கொடி வேண்டும், கழகத்துக்குத்தானே!” என்று சொல்லிவிட்டு வருகிறோம். தோழரும் மறுப்பதில்லை, இரவெல்லாம் மிதிக்கிறார். பந்தலுக்குப் பணம் போகிறது, ஒலிபெருக்கிக்குப் போகிறது, பூமாலைக்கும் போகிறது. கொடி தைத்தவர் கூலி மட்டும் கொள்கைக் கணக்கில் எழுதப்படுகிறது! கிளைச் செயலாளர்களுக்குச் சொல்கிறோம்: அடுத்த கூட்டத்துக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியேறுமுன், போன கூட்டத்துக் கூலி பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் வேண்டாம் என்பார். மேசைமேல் வைத்துவிட்டு, ரசீது கேட்டு வாங்கி வாருங்கள்.