டயர் அகலமானால் போதுமா?

போன ஐப்பசியில் தம்பியின் காரில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போனோம். வளைவில் வண்டி ஒரு கணம் தயங்கி, ஆடித் திரும்பியது. மடியில் குழந்தை, எனக்குப் பகீரென்றது!

"அக்கா, போன வாரம்தான் அகல டயர் மாட்டினேன். பிடிப்பு நல்லாருக்கும்னாங்களே!" என்றான்.

கோளாறு அங்கேதான், சகோதரிகளே! டயர் அகலம், ரிம்மோ பழைய குறுகல். பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினால் கால் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போகுமல்லவா? அதே கதைதான். டயரின் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவில் சாயும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி உடனே கேட்காது. கரிசல் சேறு ரோட்டில் அப்பிக் கிடக்கும் மழைநாளில் இது ஆபத்து. ரிம் அளவுக்கு மீறி அகலமானாலோ, பக்கச்சுவர் இழுபட்டு நிற்கும். பள்ளத்தில் ரிம் அடிபடும்.

டயரில் '185/65 ஆர் 15' என்றிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர்; பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம்; ரிம்மின் விட்டம் 15 அங்குலம். ரிம்மின் அகலம் இதில் இராது; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த டயருக்கு 5 முதல் 6½ அங்குலம் வரை பொருந்தும்.

டிரைவர் கதவோரம் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். சரியான டயர் அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தம்பி மறுநாளே பழைய அளவுக்கு மாறிவிட்டான். அடுத்த தடவை டயர் மாற்றும்போது, "ரிம் அகலம் எவ்வளவு?" என்று நீங்களே கேளுங்கள். பின் சீட்டில் இருப்பது நம் பிள்ளைகளாயிற்றே!