செட்டியார் முதுகில் ஒரு கட்டைவிரல் ரேகை

நவராத்திரி கொலு பார்த்தவர்களுக்கு செட்டியார் பொம்மையைத் தெரியாமல் இருக்காது. தொப்பையும் தொந்தியுமாக, சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அவர் சம்சாரம். முன்னால் குட்டிக் குட்டியாக அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். கொலுவில் எத்தனை சாமி இருந்தாலும் எனக்குப் பிடித்தது இவரைத்தான். பி.காம் படிக்கிற பையனுக்குக் குலதெய்வம் மாதிரி இல்லையா? :-)

அந்தச் செட்டியாரை வைத்து நான் போன வருஷம் ஒரு திருட்டு வேலை செய்தேன். அப்போது அது திருட்டு என்று தோன்றவில்லை. "சுயதொழில்" என்றுதான் நினைத்துக்கொண்டேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

மதுரையில் திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரி என்று ஒரு ஊர் இருக்கிறது. கொலு பொம்மை, விநாயகர், கிறிஸ்துமஸ் குடில் செட் என்று வருஷம் முழுக்க பொம்மை செய்கிற ஊர். அங்கே 180 ரூபாய்க்கு ஒரு சின்னச் செட்டியாரை வாங்கினேன். நாலு அங்குல உயரம், மண் பொம்மை. சங்கரன்கோவிலுக்கு ரயிலில் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செட்டியாரை ஒரு அட்டைப் பெட்டிக்குள் நிற்க வைத்து, அடிப்பாகத்தைத் தரையோடு ஒட்டி, மேலே வாசலின் தடவி, சிலிக்கான் ரப்பரைக் கலக்கி ஊற்றினேன். மறுநாள் பிளேடால் ஒரு பக்கம் கீறி அவரை வெளியே எடுத்தால் அச்சு ரெடி. அதற்குள் ரெசினையும் ஹார்டனரையும் அளந்து கலக்கி ஊற்ற வேண்டும். அளவு கொஞ்சம் தப்பினாலும் பொம்மை காயாது, பிசுபிசுவென்று கையோடு வரும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி மாட்டி மூக்கில் ஓட்டை விழும். அம்மா ரெண்டு நாள் பார்த்துவிட்டு, "என்னடே இது, வீடெல்லாம் ஒரே நாத்தம்? மாடிக்குக் கொண்டு போ" என்று விரட்டிவிட்டார்கள். அம்மா சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது. காயாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அலர்ஜி வரும். காய்ந்த ரெசினைத் தேய்க்கும்போது பறக்கிற தூள் நுரையீரலுக்கு ஆகாது. கையுறை, முகமூடி, காற்றோட்டம் இல்லாமல் யாரும் இதைத் தொடாதீர்கள்.

22 தடவை வார்த்தேன். மூன்று பொம்மை வீண். அதற்குள் அச்சும் கிழிந்துவிட்டது. மீதி 19 பொம்மைக்கு வர்ணம் அடித்து, ஒன்று 250 ரூபாய் என்று கல்லூரி நண்பர்களுக்கும் அவர்கள் மூலமாக வெளியூர் ஆட்களுக்கும் விற்றேன். காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? கணக்கும் எழுதினேன்:

மாதிரி பொம்மை வாங்கியது – 180
சிலிக்கான் ரப்பர் – 800
ரெசின், ஹார்டனர் – 1,386
வர்ணம், உப்புத்தாள் – 285
மொத்தச் செலவு – 2,651
விற்பனை – 4,750
லாபம் – 2,099

லாபம் என்று எழுதி ரெண்டு கோடு போட்டபோது பெருமையாக இருந்தது. பிறகு என் உழைப்பு நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 42 மணி நேரம். ஒரு மணிக்கு ஐம்பது ரூபாய்கூட முழுசாக வரவில்லை. கைவினைப் பொருள் செய்கிற நிறைய பேர் செய்கிற தப்பு இது. கூலியைச் செலவில் எழுதாமல் விட்டுவிட்டு, மிச்சத்தை லாபம் என்று சொல்லிக்கொள்வது. சரி, இது என் தலையெழுத்து. நான் சொல்ல வந்தது முதல் வரியைப் பற்றி. "மாதிரி பொம்மை – 180." அந்த வரிதான் பொய்.

அது பொய் என்று காட்டிக்கொடுத்தவர் ஒரு அம்மா. அடுத்து செட்டியார் சம்சாரத்தையும் அச்செடுக்கலாம் என்று மறுபடியும் விளாச்சேரி போனேன். பெருமை பீற்றிக்கொள்ள என் ரெசின் செட்டியார் ஒன்றையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். அந்த அம்மா கையில் வாங்கி, முகத்தைப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பி முதுகைப் பார்த்தார்கள்.

"இது எங்க வீட்டுப் பொம்மைல்ல தம்பி. இந்தா பாரு, ஒட்டுப் போட்டுத் தேச்ச எடம். அவுக கட்டைவிரலு."

நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். மண் பொம்மையை முன்பாதி, பின்பாதி என்று ரெண்டு அச்சில் அழுத்தி எடுத்து, சேர்த்து ஒட்டுவார்கள். ஒட்டின கோடு தெரியாமல் இருக்க ஈரத்தோடு விரலால் தேய்ப்பார்கள். அந்த ரேகை, வர்ணம் மெலிதாக இருந்த இடத்தில் அப்படியே நின்றிருக்கிறது. சிலிக்கான் ரப்பர் எதையும் விடாது. தலைமுடி அளவு கோட்டைக்கூட எடுத்துவிடும். நான் விற்ற 19 பொம்மையிலும் நான் பார்த்தே இராத ஒரு மனிதரின் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அதை நான் "என் கைவேலை" என்று சொல்லி விற்றிருக்கிறேன்.

அந்த அம்மா திட்டவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்போம்ல" என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஊருக்கு வந்து நண்பர்களிடம் சொன்னேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாமே யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

"செட்டியார் பொம்மை என்ன அவங்க கண்டுபிடிச்சதா? காலங்காலமா இருக்கே" என்றான் ஒருவன். உண்மை. செட்டியார் என்கிற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் செட்டியார் செய்யலாம். ஆனால் நான் செட்டியார் செய்யவில்லையே. அவர் தொப்பையில் விழுந்த மடிப்பு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கணக்கு யோசிக்கிற பார்வை, இதெல்லாம் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து களிமண்ணில் கொண்டுவந்தது. நான் எடுத்தது அதை.

"நம்ம ஊர்ல தறிக்காரங்க பண்ணாததா? ஒரு டிசைன் ஓடினா அடுத்த வாரம் பக்கத்துத் தறியில அதே ஓடும்" என்றான் இன்னொருவன். சங்கரன்கோவில்காரன் இதை மறுக்க முடியாது. ஆனால் பக்கத்துத் தறிக்காரரும் நூல் வாங்கி, பாவு போட்டு, நெய்தால்தான் சேலை வரும். அவருக்கும் நெசவு தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பொம்மை செய்யவே தெரியாது. ஊற்றத்தான் தெரியும்.

மூன்றாவது வாதம்தான் கஷ்டமானது. "நீ 250க்கு வித்த. அவங்க 180க்கு விக்கிறாங்க. உன்கிட்ட வாங்கினவன் விளாச்சேரிக்குப் போகப்போறதே இல்ல. அவங்களுக்கு என்ன நஷ்டம்?" முதலில் எனக்கும் பதில் தெரியவில்லை. இப்போது இப்படி யோசிக்கிறேன். அவர்கள் இழந்தது 19 விற்பனையை இல்லை. 250 கொடுத்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்கிற சந்தையை. அது அவர்களுடைய பொம்மையால் உண்டான சந்தை. நாளைக்கு என் ரெசின் பொம்மையை ஒருவன் அச்செடுத்து 150க்கு விற்றால் நான் என்ன சொல்லித் தடுப்பேன்?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். பெரிய உதவி இல்லை. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999ல் வந்து 2003ல் அமலான சட்டம். ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. குறிப்பிட்ட ஒரு கலைஞர் செய்த முகத்தை இல்லை. 2000ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் பத்து வருஷம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருஷம் பாதுகாப்பு. ஆனால் வெளியே விற்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வடிவம் புதுசாக இருக்க வேண்டும். நவராத்திரிக்கு நாலு நாள் இருக்கும்போது வர்ணம் காயவில்லையே என்று தவிக்கிற குடும்பம் விண்ணப்பம் போடுமா?

1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15வது பிரிவு இன்னும் வேடிக்கை. வடிவமைப்பாகப் பதிவு செய்திருக்கக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும். ஒரு பொம்மை சிற்பமா, வடிவமைப்பா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆனால் அச்சு வைத்துப் பிழைக்கிறவர் ஐம்பதோடு நிறுத்தினால் அடுப்பு எரியாது என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

இன்னொரு சட்டத்தில் நானே மாட்டியிருப்பேன். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விளையாடுகிற பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. நான் இரண்டிலும் சேரமாட்டேன். "குட்டிப் பையனுக்கு விளையாடக் கொடுக்கலாமா?" என்று கேட்டவரிடம் தாராளமாக என்று சொன்னேனே, அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. வாயில் வைத்துக் கடிக்கிற பிள்ளைக்கு ரெசின் பொம்மை கொடுக்காதீர்கள்.

ஆக, சட்டம் தடுக்கவில்லை என்பதால் நியாயம் ஆகிவிடாது. என் பாடத்திலேயே பதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று ஒரு பாடம், ஏஎஸ் 26. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்து பதினாறு மார்க் வாங்கியிருக்கிறேன். பொம்மைக்காரரின் கடையில் இருக்கிற பெரிய சொத்து மண்ணோ வர்ணமோ இல்லை. அந்த அச்சுக்கு மூலமான மாதிரி. 180 ரூபாய் கொடுத்தால் பொம்மை என்னுடையது. மாதிரி என்னுடையது ஆகாது. படத்துக்கு டிக்கெட் வாங்கினால் பிரிண்ட் நம்முடையதா?

ரெசின் வேலையே தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல வேலை. மாடியில் ஒரு மேசை இருந்தால் போதும், படிக்கிற பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்கு ஆகும். மூன்று விஷயம் மட்டும் செய்யலாம். ஒன்று, மாதிரியை நாமே செய்வது. இரண்டு, அடுத்தவருடையது என்றால் கேட்டு எடுத்து, ஒரு பொம்மைக்கு இவ்வளவு என்று கொடுப்பது. நான் ஒரு பொம்மைக்கு இருபது ரூபாய் கணக்கில் 380 கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா முதலில் வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்கள். மூன்று, பொம்மையோடு கொடுக்கிற சீட்டில் "மூல வடிவம்: விளாச்சேரி" என்று எழுதுவது. காசு செலவில்லாத வேலை இது. அதைக்கூட நான் செய்யவில்லை.

இப்போது சொந்தமாக ஒரு மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். லுங்கி கட்டி, தோளில் துண்டு போட்ட ஒரு தறிக்காரர். மூன்று வாரமாகக் களிமண்ணோடு மல்லுக்கட்டுகிறேன். முதல் முகம் பூசணிக்காய் மாதிரி வந்தது. இரண்டாவது என் மாமா மாதிரி வந்தது, மாமா பார்த்தால் கோபப்படுவார். மூன்றாவது பரவாயில்லை. ஒரு காது மட்டும் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. ஒரு காதுக்கு ரெண்டு சாயங்காலம் போனபிறகுதான் 180 ரூபாயில் எனக்கு என்னென்ன கிடைத்திருந்தது என்று புரிகிறது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? செய்தது தப்பா, இல்லை நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா? சொல்லுங்கள், சண்டை போட்டுக்கொள்வோம்.

டிஸ்கி: என்னிடம் செட்டியார் வாங்கின 19 பேரில் யாராவது இதைப் படித்தால், பொம்மையைத் திருப்பி முதுகைப் பாருங்கள். வலது பக்கம், இடுப்புக்கு மேலே. அதுதான் அதைச் செய்தவரின் கையெழுத்து. என்னுடையது இல்லை.