இரைப்பை சுருங்கியவர் நம் விருந்தில் அமரும்போது

உடற்பருமனுக்காக இரைப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் நம் மஹல்லாக்களில் இன்று அரிதானவர்கள் அல்லர். ஆயினும் அவர்களுள் பலர் அதனை வெளியே சொல்வதில்லை. பித்தப்பையில் கல் என்றோ குடலிறக்கம் என்றோ வேறொரு பெயர் சூட்டி மறைத்துக்கொள்கின்றனர். சொன்னால் இருவகைப் பேச்சு கிளம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். அல்லாஹ்வின் படைப்பை மாற்றிவிட்டார் என்பது ஒன்று. வாயைக் கட்டத் தெரியாதவர் வயிற்றை வெட்டிக்கொண்டார் என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் தவறான பேச்சுகள் என்பதே என் கருத்து.

படைப்பை மாற்றுதல் பற்றிய எச்சரிக்கை அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தில் வருகிறது. அழகுக்காகவோ மூடநம்பிக்கைக்காகவோ உடலைச் சிதைப்பதையும், நோய்க்கு மருத்துவம் செய்வதையும் மார்க்க அறிஞர்கள் ஒன்றாக எண்ணியதில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், முழங்கால் தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டிவரும் பருமன் ஒரு நோய். நம் பள்ளிவாசல்களின் ஓரத்தில் ஆண்டுதோறும் கூடிவரும் நாற்காலிகளைப் பாருங்கள். அவற்றில் அமர்ந்திருப்போர் அனைவரும் முதியவர்கள் அல்லர்.

"வாயைக் கட்டத் தெரியாதவர்" என்ற பேச்சோ மருத்துவம் அறியாததால் வருவது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெருமளவில் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் எனப்படும் அறுவையில் அப்பகுதி உட்பட இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒரு குழல். பைபாஸ் முறையிலோ ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையொன்றை உருவாக்கிச் சிறுகுடலுடன் நேரே இணைத்துவிடுகின்றனர். உடல் நிறைக் குறியீடு 35ஐத் தாண்டியவர்களுக்கு வேறு நோய் இல்லாவிடினும் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆசிய மக்களுக்கு அவ்வெல்லை 27.5 என இன்னும் தாழ்வாகவே வகுக்கப்பட்டுள்ளது. ஆக, இது மருத்துவர்கள் அளந்து, எடைபோட்டு, தீர்மானிக்கும் ஒன்று. சோம்பேறியின் குறுக்குவழி அன்று.

குறுக்குவழி என்போர், அறுவைக்குப் பின் வரும் மாதங்களைக் கண்டதில்லை. முதலிரு வாரங்கள் நீராகாரம் மட்டுமே. பின்னர் மசித்த உணவு, அதன் பின்னர் மென்மையான உணவு. திட உணவை அடைய ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகிவிடும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் உட்கொள்ள வேண்டும். ஆனால் வயிறோ சில கரண்டிகளிலேயே நிறைந்துவிடும். ஆகவே முட்டை, மீன், கோழி, பருப்பு ஆகியன முதலில், சோறு இடமிருந்தால். ஒரு கவளம் கூடினால் நெஞ்சடைப்பும் குமட்டலும் வரும். விரைந்து விழுங்கினாலும் அவ்வாறே. உணவுடன் தண்ணீர் கூடாது. உண்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே, அதுவும் மிடறு மிடறாக. மூன்றாம் நான்காம் மாதங்களில் தலைமுடி உதிரும். அது பெரும்பாலும் மீண்டும் வளரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாலும் பெண்களுக்கு அதைத் தாங்குவது எளிதன்று.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் ஒரு சகோதரர் என்னிடம் ஐயம் எழுப்பினார். மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்க, திர்மிதியில் பதிவாகியுள்ள ஹதீஸில், வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் கூறியுள்ளார்களே, உணவையும் நீரையும் பிரிக்கும் மருத்துவரின் சொல் அதற்கு முரணாகாதா என்பது அவர் கேள்வி. ஆகாது. முதுகெலும்பை நிமிர்த்தி நிறுத்தும் சில கவளங்களே போதும் என்பதுதான் அந்த ஹதீஸில் மூன்று பங்குக்கு முன்னர் வருவது. மூன்று பங்கு என்பது, அதற்கு மேல் உண்டே ஆக வேண்டும் என்பவருக்கு வகுக்கப்பட்ட எல்லை. அறுவை செய்துகொண்டவர் அந்தச் சில கவளங்களிலேயே வாழ்கிறார்!

இனி நம் விருந்துகளுக்கு வருவோம். நெய்ச்சோறும் தால்ச்சாவும் கத்தரிக்காய்ப் பச்சடியும் பிர்னியும் நம் அன்பின் மொழி என்பதை நான் மறுக்கவில்லை. விருந்தாளியின் பக்கம் நல்ல கறித்துண்டைத் தள்ளிவைப்பது நம்மிடையே மரியாதை. ஆனால் அந்தத் துண்டே இவர்களுக்கு வேதனை. "ஒரு கை அள்ளிச் சாப்பிடுங்க மச்சான், எங்க வீட்டுச் சோறு பிடிக்கலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இயலாமல் உண்டு, கைகழுவும் சாக்கில் எழுந்துபோய் வாந்தி எடுத்தவர்களை நான் அறிவேன். இனிப்போ அதனினும் சிக்கலானது. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை விரைந்து குடலுக்குள் இறங்கிவிடுவதால் படபடப்பும் வியர்வையும் தலைசுற்றலும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பார்ப்பவர்கள் மாரடைப்பு என அஞ்சிவிடுவர்.

உடும்புக் கறி வைக்கப்பட்ட விரிப்பில் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்ட நிகழ்ச்சியை மதரஸா மாணவரும் அறிவர். அது ஹராமா என வினவப்பட்டபோது, இல்லை, தம் சமூகத்தார் வாழும் இடத்தில் அது இல்லாததால் தம் மனம் விரும்பவில்லை என்றார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். அவர்கள் யாரையும் தடுக்கவில்லை. அவர்களை யாரும் வற்புறுத்தவுமில்லை. வெறும் விருப்பமின்மைக்கே அந்த விரிப்பில் அவ்வளவு இடம் இருந்தது. உண்ண இயலாத ஒருவருக்கு நம் விரிப்பில் அந்த இடம் ஏன் இல்லை?

சஹன் முறையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது யார் எவ்வளவு உண்டார் என எவரும் எண்ணுவதில்லை. குறைவாக உண்பவருக்குத் தனித்தட்டைவிட அது நல்ல மறைப்பு. மீதம் வைத்தார் என்ற பழியும் இல்லை. குறை நம் வேகத்தில் இருக்கிறது. அடுத்த பந்தி காத்திருக்கிறது எனப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறோம். மென்று கூழாக்கி விழுங்க வேண்டியவருக்கு இருபது, முப்பது நிமிடங்கள் தேவை. உடன் ஒருவர் எழாமல் அமர்ந்திருந்தால் போதும். அதற்குச் செலவு ஏதுமில்லை.

ரமளான் வரும்போது நிலைமை இன்னும் கடுமையாகிறது. அறுவை முடிந்து மூன்று மாதமேயான ஒரு சகோதரி, என் மாணவர் ஒருவரின் தாயார், நோன்பைவிட மனமின்றி ஐந்து நோன்புகள் நோற்று, நீரிழப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய ஈமானை மெச்சியவர்கள் இருந்தார்கள். நான் மெச்சவில்லை. நோயாளிக்கு வேறு நாள்களில் நோற்கும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் வழங்கியவன் அல்லாஹ். அதை ஏற்பதும் இபாதத்தே. நம் பகுதியில் நோன்பு ஏறத்தாழ 13 மணி நேரம். எஞ்சும் இரவில் உறக்கமும் தராவீஹும் போக மீதமுள்ள நேரத்தில் ஒன்றரை லிட்டர் நீரை மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். புரதத்தை நிறைவு செய்ய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு உட்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் இது பலருக்கு இயலாது. இயலுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய மருத்துவர். ஹஜ்ரத்திடம் கேட்கும் முன் அவரிடம் கேளுங்கள். ஹஜ்ரத்தும் அதையே கேட்பார்.

பிழையாகப் புரியப்படும் மற்றொன்றும் உண்டு. விட்ட நோன்புகளுக்கு ஃபித்யா கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது எனச் சிலர் கருதுகின்றனர். ஃபித்யா, மீண்டும் நோற்கும் வாய்ப்பே இல்லாதவருக்கு உரியது. இவர்களோ பெரும்பாலும் தேறி வருபவர்கள். எனவே களாவே கடமை. பகல் பொழுது குறுகிய மார்கழி, தை மாதங்களில், மருத்துவர் அனுமதித்த பின் ஒவ்வொன்றாக நோற்கலாம்.

நோன்பு நோற்கும் நிலைக்கு வந்தவர் சர்பத்தும் சமோசாவும் கொண்டு திறக்க வேண்டாம். பேரீச்சம்பழத்தில் சிறு துண்டு, சில மிடறு நீர், சற்றுப் பொறுத்து நோன்புக் கஞ்சி. கைமா சேர்த்த நம் கஞ்சியை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எனினும் அதுவும் அரைக் கிண்ணமே.

இளம் மனைவியர் உள்ள இல்லங்களுக்கு ஒரு சொல். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். எடை வேகமாகக் குறையும் அக்காலத்தில் தாய்க்கும் சிசுவுக்கும் சத்துக் குறைபாடு நேரலாம் என்பதே காரணம். "உடம்பு இளைத்துவிட்டதே, இன்னும் விசேஷம் இல்லையா?" எனக் கேட்கும் மாமிமார்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஓராண்டில் எடை குறைந்து, மீண்டும் தரையில் ஸஜ்தா செய்ய முடிந்ததும் மாத்திரைகளை நிறுத்திவிடுவோர் உண்டு. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியன வாழ்நாள் முழுதும் தேவைப்படுபவை. நிறுத்தினால் சோகையும் கைகால் மரத்துப்போதலும் எலும்புத் தேய்வும் மெல்ல வரும். மாத்திரை உறையிலுள்ள ஜெலட்டின் ஹலாலா என்ற ஐயத்தால் சிலர் நிறுத்தியுள்ளனர். ஐயம் முறையானதே. அதற்கு விடை நிறுத்துவதன்று. மென்று தின்னும் மாத்திரைகளும் தாவர உறையிட்டவையும் கடைகளில் கிடைக்கின்றன. சத்து மாத்திரைப் புட்டியில் பச்சைப் புள்ளி உள்ளதா எனப் பார்த்து வாங்கலாம். மருந்துக் கடைக்காரரிடமே கேட்டாலும் எடுத்துத் தருவார்.