தீவுக்குத் தீவு கயாக் சரி, ராத்திரி எங்கே தங்குவது?

நாலு நண்பர்கள், மூணு நாள், தீவுக்குத் தீவு கயாக், ராத்திரி மணலில் டென்ட். இப்படி ஒரு ரீல் உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். குன்றத்தூரில் எங்கள் செட்டுக்கும் வந்தது. பாதிப் பேர் ஒரகடம் கம்பெனிகளில் ஆளுக்கொரு ஷிஃப்ட். செம்பரம்பாக்கம் ஏரியைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, நீச்சல் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். "அந்தமானுக்கெல்லாம் கட்டுப்படியாகாது. நம்ம ஊர்ல தீவே இல்லையாடா?" என்று ஒருவன் கேட்டான்.

இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்தில் தொடங்கி தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். ஆனால், 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. நம் இஷ்டத்துக்குத் துடுப்புப் போட்டுப் போய் இறங்க முடியாது. டென்ட் பேச்சுக்கே இடமில்லை.

'சும்மா கிடக்கிற மணல்திட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா?' என்று தோன்றலாம். அந்த 21-ல் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் பாறை போனதும் தீவு கரைய ஆரம்பித்துவிட்டது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் வெகுவாகத் தேய்ந்துபோனது. கடல்பசு மேயும் கடற்புல்லும் இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் வளர்கிறது. கெடுபிடி நியாயம்தான் என்பேன்.

அதனால் ரீலில் இருக்கும் டென்ட்டை மட்டும் எடுத்துவிட்டு, பகலில் கடல், இரவில் கரையில் ரூம் என்று மாற்றிக்கொள்ளலாம். முதல் நாள் தொண்டி பக்கம் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகும் கயாக்கும் விடுகிறார்கள். மதியம் மீன் சாப்பாடும் அங்கேயே. மறுநாள், உச்சிப்புளி பக்கம் பிரப்பன்வலசை. மூன்றாம் நாள் பாம்பன் குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவு. அங்கே துடுப்பு நம் கையில் இருக்காது, பரவாயில்லை. மூன்று இடத்துக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

எப்போது போவது என்பதில்தான் சிக்கல். ராமேஸ்வரம் மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று அடிக்கும்போது பெண் கடல் கொந்தளிக்கும். கச்சான் காற்றில் ஆண் கடல் பொங்கும். நமக்கு லீவு சேர்ந்து கிடைப்பதோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும், அதாவது வாடைக் காலத்தில். அப்போது பிரப்பன்வலசைக் கடலில் புதுசாகத் துடுப்புப் பிடிப்பவருக்கு வேலை இல்லை. பிப்ரவரி கடைசியில் இருந்து ஏப்ரல் வரை காற்று அடங்கியிருக்கும். அந்த வாரங்களுக்கு இப்போதே சூப்பர்வைசரிடம் லீவு சொல்லி வையுங்கள்.

கச்சான் காலத்தில் வேறொரு ஆபத்து. பிரப்பன்வலசைக் கரை வடக்கே பார்த்தது. காற்று தென்மேற்கில் இருந்து, அதாவது நிலத்தில் இருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் ஏரி மாதிரி தட்டையாகத் தெரியும். போகும்போது துடுப்பே போட வேண்டாம், கயாக் தானாக வழுக்கிக்கொண்டு போகும். திரும்பும்போதுதான் எதிர்க்காற்று என்பது தெரியும், அதற்குள் கை ஓய்ந்திருக்கும். அதனால் கிளம்பியதும் ஐந்து நிமிடத்தில் ஒரு தடவை திரும்பி, கரையை நோக்கித் துடுப்புப் போட்டுப் பாருங்கள். கஷ்டமாக இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், கரையேறிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை செல்ஃபிக்குக்கூடக் கழற்றாதீர்கள். முதல் நாளே இடுப்பளவு தண்ணீரில் வழிகாட்டியை நிற்கவைத்து, வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்துப் பழகுங்கள். ஆழத்தில் கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்க வேண்டாம், கயாக்கைப் பிடித்துக்கொண்டே மிதங்கள். தூரத்தில் இருப்பவர் கண்ணுக்கு உங்கள் தலையைவிட கயாக்தான் தெரியும்.

காலையில் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை, காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தால் டீ குடித்துவிட்டு ரூமிலேயே இருங்கள். கடலோரக் காவல் படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. இரண்டையும் போனில் சேமித்து, போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு எழும்பூர் வரை போகும் அலைச்சலும் இல்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த அன்றே தாம்பரம் - ராமேஸ்வரம் ரயிலும் தொடங்கிவிட்டது. காரங்காட்டுக்கு ராமநாதபுரத்தில் இறங்க வேண்டும்.