மோதிரம் செய்யக் கொடுக்கிறீர்களா?

வளையல் சற்றுப் பெரிதானால் குலுங்கும். செயின் நீண்டால் தொங்கும். எப்படியோ சமாளித்து விடலாம். மோதிரம் அப்படியல்ல. ஒரு நூல் பெரிதானால் மாவு பிசையும்போது நழுவிப் போகும். ஒரு நூல் சிறிதானால் விரலைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் மோதிரத்தை மட்டுமாவது கையால் செய்யக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

போன மாதம் என் மகளுக்கு அரைப் பவுனில் ஒரு சாதா வளைய மோதிரம் செய்யக் கொடுத்தேன். பழைய தோடு ஒன்றைப் பத்தர் என் கண் முன்னால் எடை போட்டு, சீட்டில் எழுதிக் கொடுத்தார். பட்டறையிலேயே உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்தேன்.

தோட்டை மூசையில் போட்டு, வெண்காரம் தூவி உருக்கினார். "வெண்காரம் எதுக்குப் பத்தரே?" என்றேன். "அழுக்கை இழுத்துக்கும்மா. அப்பத்தான் தங்கம் தண்ணியா ஓடும்" என்றார். உருகியதை அச்சில் ஊற்றி, ஆறியதும் சுத்தியலால் தட்டித் தகடாக்கினார். தட்டத் தட்டத் தங்கம் இறுகிப் போகுமாம்; மேலும் தட்டினால் விரிசல் விடும். அதனால் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக வைத்தார்.

அடுத்துதான் கணக்கு. மோதிரத்தின் உள் விட்டம் 17 மில்லிமீட்டர். தகட்டின் கனம் ஒன்றரை. இரண்டையும் கூட்டி 3.14ஆல் பெருக்கி, 58 மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கினார். கனத்தைக் கூட்டாமல் விட்டால் 53 தான் வரும். மோதிரம் விரலில் ஏறவே ஏறாது! வட்டக் கணக்கு எதுக்கும்மா என்று கேட்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்.

இரு நுனிகளையும் நடுவில் வெளிச்சம் தெரியாதபடி அரத்தால் ராவி, வளைத்துச் சேர்த்து, பொடி வைத்து ஊதினார். 'பொடி வைத்து ஊதுகிறாள்' என்று நாம் வம்பு பேசுவது பத்தர் பட்டறையிலிருந்து வந்த பேச்சுதான். மோதிரத்தை விடக் குறைந்த சூட்டில் பொடி உருகி இடுக்கில் ஓடி ஒட்டிக்கொள்கிறது. ஒரு காலத்தில் கடைகளில் 'கே.டி.எம்.' என்று பெருமையாகச் சொல்வார்களே, அது காட்மியம் கலந்த பொடியைக் குறித்த பெயர். காட்மியப் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். ஊதுகிறவர்தானே அதை முதலில் சுவாசிக்கிறார்? காட்மியம் இல்லாத பொடியாகப் போடச் சொல்லுங்கள்.

கடைசியில் உள் ஓரங்களை உருட்டி, மெருகு போட்டு, மறுபடி எடை போட்டுக் காட்டினார். சேதாரம் எவ்வளவு என்பதை அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் வாங்குவதானால் பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட்டுக்கு 916 என்ற எண், ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த முறை 2021 ஜூலையில் வந்தது.

அளவு கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

நூல் இழுபடும், காகிதப் பட்டையால் சுற்றி அளவெடுங்கள். காலைக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும், சாயங்காலம் அளந்தால் சரியாக வரும். விரல் முட்டி பெரிதாக இருப்பவர்கள் அதைத் தாண்டும்படி அளவு சொல்ல வேண்டும். பட்டையான மோதிரம் இறுக்கும். கொஞ்சம் தாராளமாகவே கேளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் ஏற ஏற விரல் வீங்குவது சகஜம். மோதிரம் சுலபமாகக் கழலும்போதே கழற்றிப் பெட்டியில் வைத்து விடுங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கலாம்.

மோதிரம் மாட்டிக்கொண்டால் கையைச் சற்று நேரம் உயர்த்திப் பிடித்து, சோப்பு நுரையோ தேங்காய் எண்ணெயோ தடவிச் சுழற்றிச் சுழற்றி எடுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப் போனாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். "கல்யாண மோதிரமாச்சே, வெட்டறதா?" என்று மாமியாரோ அம்மாவோ தயங்கினால், பத்தர் எனக்குச் சொன்னதைச் சொல்லுங்கள்: "தங்கம்தானேம்மா, வெட்டின இடத்துலயே பொடி வெச்சு ஊதிடலாம். வெட்டினது தெரியவே தெரியாது."