புதிதாய் வாங்கிய பொலிகாளையைப் பரீட்சித்தல்

உழவு மாடு வாங்குகிற குடியானவர் அதை ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிப் பார்த்த பின்பே விலையை முடிக்கிறார். கறவைப் பசு வாங்குகிறவர் இரண்டு வேளை கறந்து பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு கிராமத்துப் பசுக்கள் யாவற்றிற்கும் பொதுவாய் நிற்கப்போகிற பொலிகாளையை மாத்திரம், திமிலின் உயரத்தையும் கொம்பின் வளைவையும் கண்டு மகிழ்ந்து, சுழி பார்த்து, அரை மணி நேரத்தில் பிடித்து வந்து மறுநாளே பசுக்களுக்கு விட்டுவிடுகிறோம். இவ்வழக்கம் மாற வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். காளையின் கிரயம் சந்தையில் தீர்ந்துவிடலாம். அதன் பரீட்சை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் சென்ற பின்பே தீரும்.

இதில் அடங்கிய லாபநஷ்டத்தை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பசு வருஷத்திற்கு ஒரு கன்றுக்கு மேல் ஈனாது. நல்ல காளை ஒன்று ஐம்பது பசுக்களுக்குப் போதும். அவற்றுள் நாற்பது சினைபிடித்து ஈன்றால், ஏறக்குறைய இருபது கிடேரிகள் கிடைக்கும். மூன்று வருஷத்தில் அறுபது. ஆகவே தாழ்ந்த பசு ஒன்றை வாங்கினவர் தம் வீட்டளவில் நஷ்டமடைகிறார். தாழ்ந்த காளையை வாங்கினவரோ ஊரார் அனைவரின் தொழுவத்திலும் பத்து வருஷத்திற்கு மாறாத நஷ்டத்தை உண்டாக்குகிறார். காளை மலடாயிருப்பின் நஷ்டம் இன்னும் விரைவில் வரும். சினை நில்லாத பசு 21 நாளைக்கு ஒருமுறை மீண்டும் பருவத்துக்கு வருகிறது. ஐம்பது பசுக்கள் ஒரேயொரு பருவம் தவறினால் ஊருக்கு 1,050 நாள் வீணாகிறது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமத்தார்க்கு இவ்விஷயம் பிறரைக் காட்டிலும் அதிக முக்கியமானது. முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, மணிமங்கலம், மேடவாக்கம் முதலிய இடங்களில் மேய்ச்சல் நிலம் வருஷந்தோறும் சுருங்கி வருகிறது. தாம்பரமோ 2021-ஆம் வருஷத்தில் மாநகராட்சியாகிவிட்டது. ஆயினும் இரண்டு மூன்று பசுக்களை வைத்துப் பட்டணத்து வீடுகளுக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. தீனி முழுவதையும் விலைக்கு வாங்கும் இவர்களால் பால் தராத பசுவை ஒரு மாதம் கூடுதலாய்ப் போஷிக்க முடியாது.

இனிக் காளையைப் பார்க்கும் விதத்தைக் கூறுவோம். சுழி சாஸ்திரத்தைப் பற்றி எவருடனும் வாதாட நாம் விரும்பவில்லை. சுழி நன்றாயிருந்தால் சந்தோஷமே. ஆனால் சுழி சினைபிடிக்கச் செய்யாது என்பதை மறக்கலாகாது. பொலிகாளை தன் தேகபாரம் முழுவதையும் பின்னங்கால்களில் தாங்கி நின்று தொழில் செய்வது. ஆகையால் முதலில் கால்களையே பார்க்க வேண்டும். பின்புறம் நின்று நோக்கினால் இரு கால்களும் நேராயும் இடைவெளியுடனும் நிற்க வேண்டும். பக்கத்தில் நின்று நோக்கினால் பின்னங்கால் மூட்டு அரிவாளைப்போல் மிக வளைந்திருப்பதும், கம்பத்தைப்போல் வளைவின்றி நிமிர்ந்திருப்பதும் இரண்டும் குற்றமே. முன்னது விரைவில் தளரும். பின்னது மூட்டில் நீர் கோத்து நொண்டும். நின்ற நிலையில் பார்த்தது போதாது. கல்லும் மண்ணும் கலந்த தரையில் நூறடி நடத்திப் பார்க்க வேண்டும். குளம்பின் இரு பிளவுகளும் சமமாய்த் தேய்ந்திருத்தல் நலம். முதுகு நேராயும், மார்பு ஆழமாயும், விலா விரிந்தும், இடுப்பு அகன்றும் இருக்க வேண்டும்.

பிறகு விரையைப் பார்க்க வேண்டும். இதைக் கையால் தொட்டுப் பார்க்க அநேகர் கூசுகிறார்கள். காளையை எதற்காக வாங்குகிறோமோ அதையே பாராமல் வாங்குவது விந்தையல்லவா? இரண்டு விரைகளும் பையில் முழுதும் இறங்கி, அளவில் ஏறக்குறைய ஒத்து, அழுத்தினால் உறுதியாயும் தாராளமாய் அசைவனவாயும் இருத்தல் வேண்டும். ஒன்று சிறுத்தோ, கல்லைப்போல் இறுகியோ, வீங்கிச் சுட்டோ இருந்தால் அக்காளையை விட்டுவிட வேண்டியதுதான். ஒரு விரை இறங்காத குறை சந்ததிக்கும் தொடரக்கூடியது. பையின் சுற்றளவை நாடாவால் அளப்பதும் உண்டு. மேனாட்டு ஜாதிகளில் இரண்டு வயது கடந்த காளைக்கு 34 சென்டிமீட்டர் கீழெல்லை என்று அமெரிக்காவிலுள்ள இனப்பெருக்க வைத்தியர் சங்கத்தார் வகுத்துள்ளனர். நம் நாட்டு ஜாதிகளுக்கு இவ்வளவு அப்படியே பொருந்தாது. ஒரே வயதும் ஜாதியுமுள்ள காளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றுள் பெரியதைத் தேர்வதே தகும். நம் ஜாதிகளில் அடிவயிற்று உறைத்தோல் இயல்பிலேயே சற்றுத் தொங்கும். அது மிகத் தாழ்ந்து தொங்கினால் முள்ளும் புதரும் கிழித்துப் புண்ணாகும்.

வயதைப் பல்லால் அறியலாம். இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் முதல் ஜோடி நிலைப்பல் தோன்றும். எட்டுப் பல்லும் நிரம்ப ஏறக்குறைய ஐந்து வயதாகும். இரண்டு பல் அல்லது நாலு பல் காளையே வாங்கத் தக்கது. இரண்டு பல் காளையை வாரத்திற்கு இரண்டு முறைக்கு மேல் பசுவுக்கு விடலாகாது.

இதுவரை கூறியன கண்ணுக்கும் கைக்கும் புலனாவன. புலனாகாதவை இரண்டு உண்டு. முதலாவது, தாயின் கறவை. காளையின் உடம்பில் பால் தெரியாது. அதன் தாயையும் உடன்பிறந்த பசுக்களையும் கறந்து பார்த்தால்தான் தெரியும். ஆகையால் தாய் இன்னதென்று சொல்ல இயலாத சந்தைக் காளையைவிட, தாய் நிற்கும் தொழுவத்துக்கே சென்று கன்றிலேயே பேசி வாங்குவது மேல். காங்கேயம் மாட்டின் பெருமை பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாய்த் தம் மந்தையிலேயே தேர்ந்து வளர்த்ததனால் நிலைபெற்றது. நம் அண்டையிலுள்ள நெல்லூர், ஓங்கோல் பிரதேசத்து மாடு பிரேஸில் தேசத்துக்குச் சென்று, இன்று அங்கே நெல்லூர் என்னும் பெயராலேயே பெருகி நிற்பதும் இடைவிடாத தேர்வின் பலனே.

இரண்டாவது, மறைந்திருக்கும் வியாதி. ட்ரைக்கோமோனாஸ், காம்பிலோபாக்டர் என்னும் கிருமிகளால் வரும் நோய்கள் சேர்க்கையினாலேயே பரவுவன. காளையிடம் யாதொரு குறியும் தோன்றாது. பசுக்கள் மட்டும் சினை நில்லாமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். புருசெல்லா என்னும் கன்று வீச்சு நோயோ மனிதரையும் பற்றி, விட்டுவிட்டு வரும் ஜுரத்தை உண்டாக்குவது. காய்ச்சாத பாலினாலும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவதாலும் வருவது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்குரிய தடுப்பூசி 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கே போடப்படுகிறது. காளைக்கு அது இல்லை. ஆகையால் காளையின் இரத்தத்தைச் சோதிப்பதே வழி.

வந்த காளையை ஒரு மாதமேனும் மற்ற மாடுகளிலிருந்து பிரித்து, தனித் தொட்டியில் நீர் காட்டிக் கட்டி வைக்க வேண்டும். இரண்டு மாதம் ஏன் என்று கேட்கலாம். காளையின் உடம்பில் விந்து உருவாகி முதிர ஏறக்குறைய 61 நாள் செல்லும். லாரியில் வந்த களைப்பு, கோமாரி ஜுரம், கத்தரி வெயில் ஆகிய இவை விரையின் சூட்டை ஏற்றினால், அதன் கெடுதி பல வாரங்கள் நீடிக்கும். சந்தையில் நாம் காணும் மினுமினுப்பு இன்றைய தீனியைக் காட்டுகிறது. விந்தோ இரண்டு மாதத்திற்கு முந்திய சுகத்தைக் காட்டுகிறது. ஓய்வுக்குப் பின் கால்நடை வைத்தியரைக் கொண்டு விந்தைப் பரிசோதிப்பது நன்று. குறைந்தது நூற்றுக்கு முப்பது பங்கு முன்னோக்கி நீந்துவதும், எழுபது பங்கு வடிவக் குறையின்றி இருப்பதும் மேற்சொன்ன சங்கத்தார் கோரும் அளவு.

இரண்டு மாதம் காளைக்குச் சும்மா தீனி போடுவது வீண்செலவு என்பர் சிலர். அறுபது நாள் தீனியை மேலே கண்ட 1,050 நாளோடு ஒப்பிட்டால் எது வீண் என்பது விளங்கும். அவ்விடைக்காலத்தில் பருவத்துக்கு வரும் பசுக்களுக்குக் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஊசி இருக்கக் காளை எதற்கு என்பாரும் உளர். பருவம் இரவில் வந்து விடிவதற்குள் தணிவதும், எருமைகளில் பருவக்குறி வெளித்தோன்றாமலே போவதும் உண்டு; ஆகையால் காளையின் தேவை அடியோடு ஒழியவில்லை. உண்மையில் அஞ்சத்தக்கது வேறொன்று. தெருவில் உடையவரின்றித் திரியும் காளை பசுக்களோடு சேர்வதை நாம் பாராமுகமாய் விட்டுவிடுகிறோம். கறந்ததும் பசுவை வீதியில் அவிழ்த்து விடுகிறவர், யாரும் பரீட்சியாத காளையைத் தம் பசுவுக்குத் தாமே தேர்ந்துகொள்கிறார்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. 1940-ஆம் வருஷத்துச் சென்னைக் கால்நடை அபிவிருத்திச் சட்டம் பொலிகாளைக்கு லைசென்ஸு வேண்டுமென்றது. 2019-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு மாட்டின இனப்பெருக்கச் சட்டம் பதிவு வேண்டுமென்கிறது. நாட்டு மாடு வளர்ப்போர் இதனால் தங்கள் காளைகளுக்குக் கேடு வருமோ என்று அஞ்சினர். பதிவேட்டில் எண் எழுதுவதோடு நின்றால் அவ்வச்சம் தீராது. காளையின் வயது, ஜாதி, தாயின் கறவை, சோதனை செய்த தேதி, பசுக்களுக்கு விடத் தொடங்கிய தேதி ஆகிய ஐந்தையும் குறித்து வைத்தால் நல்ல நாட்டுக் காளைக்கு அதுவே காவலாகும். மூன்றாம் வருஷ முடிவில் காளையை வேற்றூருக்கு மாற்றவும் அக்குறிப்பு உதவும். இல்லையேல் அது தன் மகளுடனேயே சேர நேரிடும்.

சந்தேகமுள்ளவர்கள் தாம்பரத்துக்குத் தெற்கே சமீபத்திலுள்ள காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தையோ, 1903-இல் தொடங்கி வேப்பேரியில் நடைபெறும் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகி ஆலோசனை பெறலாம். இனிக் காளை வாங்கப் புறப்படும்போது ஊரார் ஒன்றுகூடி, பணத்தோடு ஒரு நிபந்தனையையும் கொண்டு செல்லும்படி வேண்டுகிறோம்: சோதனையில் தேறாவிட்டால் காளையைத் திரும்பப் பெறுவதாக விற்பவர் எழுதிக்கொடுக்க வேண்டும். தம் காளையின் யோக்கியதையை அறிந்தவர் அதற்கு மறுக்கமாட்டார்.