குறுங்காமாக் கதிர் வெடிப்புகளும் ஆஸ்ட்ரோசாட்டும்

குறுங்காமாக் கதிர் வெடிப்பு என்பது இரண்டு நொடிக்கும் குறைவாக நீடிக்கும் காமாக் கதிர் வீச்சு ஆகும். வளிமண்டலம் இக்கதிர்களைத் தடுப்பதால் விண்கலங்களே இவற்றை நேரடியாகக் கண்டறிகின்றன.

இஸ்ரோ 2015 செப்டம்பர் 28 அன்று ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இதற்கு உதவும் காட்மியம் துத்தநாக டெலூரைடு படிமக்கருவி இடம்பெற்றது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த வெடிப்பை ஃபெர்மி, இன்டெக்ரல் ஆகியவை பதிவு செய்தன. ஆஸ்ட்ரோசாட் பதிவு செய்யவில்லை. அப்போது அத்திசையைப் புவி மறைத்திருந்தது. எனினும் பதிவாகாமையும் ஒரு தடயமே: புவி மறைத்த வான்பகுதியிலேயே வெடிப்பு நிகழ்ந்திருக்க வேண்டும் என உய்த்துணர அது உதவியது.

சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் வானின் ஏறத்தாழ 30 விழுக்காட்டைப் புவி மறைக்கிறது. எனவே மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முன்னின்று முன்மொழிந்த தக்‌ஷா திட்டம், புவியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு செயற்கைக்கோள்களை இயக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது.